கும்பகோணத்துச் செட்டாப் பாக்ஸை டொராண்டோவிலிருந்து பார்ப்பது பதிப்புரிமை மீறலா?

குடந்தை ஓய்வூதியர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சட்டமும் தொழில்நுட்பமும் எனக்கு அரைகுறை என்பதால் கேள்வியைச் சற்று விரிவாகவே வைக்கிறேன்.

என் மகள் குடும்பம் டொராண்டோவில் இருக்கிறது. பேரன் பிறந்ததையொட்டி சம்பந்தி அம்மாள் ஆறு மாதத்துக்குத் துணையாகப் போயிருக்கிறார். இரவு ஒன்பது மணித் தொடரை ஒரு நாளும் விடாதவர் அவர். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே கோடையில் காலை பதினொன்றரை. குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு உட்காரும் நேரம் அது. ஆனால் தொலைக்காட்சி நிறுவனத்தின் செயலியை அங்கே திறந்தால், 'இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று ஒற்றை வரி வந்து நிற்கிறது.

எங்கள் வீட்டு மாடி அறையில், என் தாயார் இருந்த காலத்தில் எடுத்த இரண்டாவது கேபிள் இணைப்பு சும்மா கிடந்தது. மாப்பிள்ளை ஒரு சிறு கருவியை வாங்கி அனுப்பினார். செட்டாப் பெட்டியின் பின்னாலுள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை அதில் செருகினால், அது படத்தை வாங்கி வீட்டு பிராட்பேண்ட் வழியாக டொராண்டோவுக்கு அனுப்புகிறது. ரிமோட் கதிரை உமிழும் சின்ன விளக்கு ஒன்றையும் பெட்டியின் முகத்தில் ஒட்டியிருக்கிறோம். சம்பந்தி அம்மாள் அங்கே சேனலை மாற்றினால், ஆளில்லாத மாடி அறையில் பெட்டியின் பச்சை எண் தானாக மாறுகிறது. முதல் நாள் மாடியைப் பெருக்கப் போன என் மனைவி பயந்தே போய்விட்டார்.

இதுவரை சிக்கல் இல்லை. மகள் குடியிருக்கும் அடுக்ககத்தில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இதைப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் இணைப்புக் கொடுத்தால் மாதம் பத்து டாலர் தருவதாகச் சொல்கிறார்கள். அங்கே ஒரு மளிகைக் கடையில், எல்லாத் தமிழ் சேனல்களும் வரும் என்று சொல்லி ஒரு பெட்டியையே விற்கிறார்களாம். அதற்கு இது மேல் என்பது அவர்கள் வாதம்.

என் ஐயம் இதுதான். மாதக் கட்டணத்தை நான் தவறாமல் கட்டுகிறேன். சேனலுக்குச் சேர வேண்டிய பங்கும் போய்விடுகிறது. பார்க்கிற கண் கும்பகோணத்தில் இருந்தாலென்ன, டொராண்டோவில் இருந்தாலென்ன? வீட்டுக்குள் பார்த்தால் சரி, அண்டை வீட்டுக்குக் கொடுத்தால் தவறு என்றால், கோடு எங்கே விழுகிறது?

கேபிள்காரர், மயிலாடுதுறை எழுதியது:

ஐயா, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேபிள் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சட்டத்துக்கு முன்னால் கணக்கைச் சொல்கிறேன்.

பழைய அனலாக் காலத்தில் ஒரு டிஷ் வைத்து ஊர் முழுக்கக் கம்பி இழுத்தோம். எத்தனை வீட்டுக்குக் கொடுக்கிறோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். சேனல்காரர்களிடம் காட்டிய எண்ணிக்கை வேறு, மாதாமாதம் வசூலித்த எண்ணிக்கை வேறு. இதை ஒளிப்பதில் இப்போது பயனில்லை, தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை அடைக்கத்தான் 2011இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு டிவிக்கும் எண் போட்ட பெட்டி என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இணைப்புப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டபோது, அந்தப் பெட்டி அந்த முகவரியில் இருக்கும் என்றும் ஒரு குடும்பத்துக்கு மட்டும் என்றும்தான் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். ஆகவே கட்டணம் கட்டுகிறேன் என்பது உண்மைதான், எதற்குக் கட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

விலையைப் பாருங்கள். ஒரு சேனலைத் தொகுப்புக்குள் சேர்த்து விற்க வேண்டுமானால், அதன் தனி விலை மாதம் 19 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 நவம்பரில் வரம்பு வைத்தது. இந்த 19 ரூபாய் இந்திய வீட்டுக்கான விலை. அதே சேனலைக் கனடாவில் அங்குள்ள நிறுவனம் வழியாக டாலரில் விற்கிறார்கள். உங்கள் மாடி அறை வழியாகப் போகும் படம் ரூபாய் விலையில் வாங்கி டாலர் சந்தையில் இறங்குகிறது. சம்பந்தி அம்மாள் ஒருவர் பார்ப்பதால் யாரும் கெட்டுவிடப் போவதில்லை. ஆனால் மளிகைக் கடைப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? உங்களைப் போலவே யாரோ ஒருவர் ஒழுங்காகக் கட்டணம் கட்டிய ஒரு பெட்டியிலிருந்துதான் பெரும்பாலும் புறப்படுகிறது. அன்று ஒரு டிஷ், ஒரு ஊர். இன்று ஒரு பெட்டி, ஒரு கண்டம். எங்கள் பழைய வித்தைக்கு இணையம் கால் முளைக்க வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டோ புதுப் படமோ ஓடும்போது திரையில் திடீரென்று ஒரு நீண்ட எண் தோன்றி, சில நொடிகளில் மறையும், பார்த்திருப்பீர்கள். ஏதோ கோளாறு என்று எங்களுக்குப் போன் செய்பவர்கள் உண்டு. அது கோளாறு அல்ல, ஃபிங்கர்பிரிண்ட். படம் எந்தப் பெட்டி வழியாக வருகிறது என்பதைக் காட்டும் அடையாளம். வெளியே எங்கேனும் திருட்டு ஒளிபரப்பில் அந்த எண்ணைப் பார்த்தால், உலகின் எந்த மூலையிலிருந்தாலும் எண்ணை வைத்து உங்கள் மாடி அறை வரை வந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத அடையாளமும் தனியாக உண்டு.

வழக்கறிஞர், மதுரை எழுதியது:

முதலில் ஒரு சொல் விளக்கம், ஏனென்றால் பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. படம், பாட்டு, ஒளிபரப்பு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை. ஒளிபரப்பில் இரண்டு அடுக்கு இருக்கிறது. தொடரின் கதை, இசை, படப்பதிவு ஆகியவற்றின் பதிப்புரிமை ஒன்று. அதை ஒளிபரப்பிய நிறுவனத்துக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு 25 ஆண்டுகளுக்குத் தரும் தனி உரிமை மற்றொன்று.

இப்போது உங்கள் கோடு எங்கே விழுகிறது என்பதற்கு வருகிறேன். சட்டத்தின் 2(எஃப்.எஃப்.) உட்பிரிவின் விளக்கம், செயற்கைக்கோள், கேபிள் அல்லது ஒரே நேரத்தில் சென்றடையும் வேறு எந்த வழியிலேனும் ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுக்கோ தங்குமிடத்துக்கோ கொண்டுசேர்ப்பதைப் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பதாகவே கொள்ள வேண்டும் என்கிறது, ஓட்டல் அறைகளையும் விடுதி அறைகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். பெரும் கூட்டம் வேண்டியதில்லை, இரண்டாவது வீடு போதும். அந்த இரண்டு அண்டைக் குடும்பங்களுக்கும் இணைப்புக் கொடுத்த நொடியில் நீங்கள் இந்த விளக்கத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். பத்து டாலர் வாங்கினால் 37ஆம் பிரிவும் சேர்ந்துகொள்கிறது. கட்டணம் பெற்று ஒளிபரப்பைப் பொதுமக்கள் பார்க்கச் செய்வதை அது தனியாகவே மீறல் என்று குறிப்பிடுகிறது. பதிப்புரிமை மீறலுக்கு 63ஆம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை என்பதை மாப்பிள்ளையிடம் நாசூக்காகச் சொல்லிவையுங்கள்.

சம்பந்தி அம்மாள் மட்டும் பார்ப்பது வேறு வகை. மாடி அறையில் அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை, பார்க்கும் வீடு ஒன்றே ஒன்று. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு ஒளிபரப்பைப் பதிவு செய்வதை 39ஆம் பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. இந்தச் சொற்களை வைத்துப் பார்த்தால், இந்தியச் சட்டத்தில் உங்களுக்குச் சொல்ல நல்ல வாதம் இருக்கிறது. ஆனால் கேபிள்காரர் சொன்ன ஒப்பந்த மீறல் அப்படியேதான் நிற்கிறது; அது பதிப்புரிமை வழக்காக மாறாது, இணைப்பைத் துண்டிப்பதோடு முடியலாம். எச்.டி.எம்.ஐ. என்ற டிஜிட்டல் ஒயர் வழியில் இருக்கும் நகல் தடுப்பை உடைத்து யாரேனும் இதைச் செய்தால் நிலைமை மாறும். 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது.

சேனலே ஏன் அங்கே செயலியைத் திறந்துவிடவில்லை என்று கேட்கலாம். பல நேரங்களில் அவர்களிடமே அந்த உரிமை இருப்பதில்லை. சட்டத்தின் 19(6) பிரிவின்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் எல்லை குறிப்பிடாவிட்டால் அது இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். தமிழ்ப் பட வியாபாரத்தில் வெளிநாட்டு உரிமையும் தொலைக்காட்சிக்கான சாட்டிலைட் உரிமையும் தனித்தனி ஆட்களிடம் போவது நெடுநாள் வழக்கம். போதாக்குறைக்கு, எழுதிக்கொடுத்த காலத்தில் வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கு, பத்திரத்தில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலன்றி, அந்த உரிமை செல்லாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 18ஆம் பிரிவில் சேர்த்தது. 1990களில் சாட்டிலைட் உரிமை மட்டும் வாங்கிய ஒரு படத்தை இன்று இணையத்தில் காட்டலாமா என்று பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் வழக்குகளுக்கு இன்றும் குறைவில்லை. பாட்டிலும் இதே கதைதான். ஒளிபரப்பாளர்கள் நிர்ணயித்த தொகையைக் கட்டிப் பாடல்களைப் பயன்படுத்த வழிசெய்யும் 31டி பிரிவு, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பொருந்தும், இணையச் சேவைக்குப் பொருந்தாது என்று 2019இல் டிப்ஸ் என்ற இசை நிறுவனத்துக்கும் விங்க் என்ற இணையப் பாட்டுச் சேவைக்கும் இடையிலான வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் ஒரே பாட்டை டிவியில் பாட ஒரு கணக்கு, அதே நிகழ்ச்சியைச் செயலியில் ஏற்ற இன்னொரு பேரம்.

யோகோஹாமாவாசி எழுதியது:

ஐயாவின் மாடி அறையைப் பற்றிப் படித்தபோது எனக்கு 'மனேகி டிவி' நினைவுதான் வந்தது. இதே ஏற்பாட்டை ஒரு தொழிலாகவே நடத்தி, ஜப்பான் உச்ச நீதிமன்றம் வரை போன கதை அது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஜப்பானியர்களுக்கும் சம்பந்தி அம்மாளின் ஏக்கம்தான். சோனி நிறுவனம் 'லொக்கேஷன் ஃப்ரீ' என்ற கருவியை விற்றது. வீட்டு ஆண்டெனாவில் வரும் படத்தை அது இணையம் வழியாக அதன் சொந்தக்காரருக்கு மட்டும் அனுப்பும். ஊரில் வீடோ ஆளோ இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு சிறு நிறுவனம், கருவியை எங்களிடம் அனுப்புங்கள், எங்கள் இடத்தில் ஆண்டெனாவோடு இணைத்து வைத்துக்கொள்கிறோம், மாத வாடகை மட்டும் கொடுங்கள் என்றது. கருவி வாடிக்கையாளருடையது, ஒரு கருவி, ஒருவருக்கு மட்டும். கீழ் நீதிமன்றங்கள் இதில் தவறில்லை என்றுதான் சொல்லின. ஆனால் 2011 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. ஆண்டெனாவை இணைத்துக் கருவியைப் பராமரித்து, ஒளிபரப்பை உள்ளே ஊட்டுவது அந்த நிறுவனம்தான். எனவே அனுப்புபவர் அந்த நிறுவனமே. யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாடிக்கையாளராகலாம் என்பதால், நிறுவனத்தின் கண்ணுக்கு அந்த ஒருவரும் பொதுமக்களே. இரண்டே நாள் கழித்து, ஜனவரி 20 அன்று, 'ரோக்குராக்கு' என்ற பதிவுக் கருவிச் சேவைக்கும் ஏறத்தாழ அதே தலையெழுத்து.

அமெரிக்காவில் ஏரியோ என்ற நிறுவனம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக முயன்றது. நியூயார்க்கில் 2012இல் தொடங்கி, பத்து சென்ட் நாணய அளவு ஆண்டெனாக்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பார்க்கும் நேரத்தில் ஒரு தனி ஆண்டெனாவையும் தனிப் பிரதியையும் ஒதுக்கியது. பொறியியல் தேவைக்காக அல்ல, முழுக்க முழுக்கச் சட்டத்துக்காகவே வடிவமைத்த இயந்திரம் அது! 2014 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்தது. பார்ப்பதற்கும் செய்வதற்கும் கேபிள் நிறுவனம்போல இருக்கிறது, ஆகவே கேபிள் நிறுவனம்போலவே அனுமதி வாங்க வேண்டும் என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். அந்த ஆண்டு நவம்பரிலேயே நிறுவனம் திவால்.

என் பார்வையில், இந்தத் தீர்ப்புகள் ஒயரையும் கருவியையும் பார்க்கவில்லை, நடுவில் நிற்பவர் யார் என்றுதான் பார்த்தன. உங்கள் ஏற்பாட்டில் நடுவில் யாரும் இல்லை. பெட்டி உங்களுடையது, பார்ப்பது உங்கள் குடும்பம். அண்டைக் குடும்பங்கள் உள்ளே வந்தால் அந்த நடுவாள் நீங்களாகிவிடுகிறீர்கள்.

பொறுமையற்ற வாசகன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் காசு கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவர் வேறு வழி தேடினால் திருடன் என்று சொல்வது என்ன நியாயம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒருவர் தன் நாட்டில் சந்தா கட்டிய இணையத் தொலைக்காட்சிச் சேவையை ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போயிருக்கும்போதும் பார்க்கலாம்; கூடுதல் கட்டணம் கேட்கக்கூடாது. சம்பந்தி அம்மாளும் ஆறு மாத விருந்தாளிதானே, குடியேறியவர் இல்லையே? இப்படி ஒரு விதியை எழுத முடியாமல் இல்லை, எழுதும்படி கேட்பவர்கள்தான் இல்லை.

ஸ்கார்பரோவாசி எழுதியது:

தம்பி சொல்லும் விதி நல்ல விதிதான். ஆனால் அது ஒரே சந்தையாக வாழ ஒப்புக்கொண்ட நாடுகளுக்குள் நடப்பது. இந்தியாவும் கனடாவும் அப்படி இல்லை. இணையத் தொலைக்காட்சி விஷயத்தில் டொராண்டோ சூடு கண்ட ஊரும்கூட.

1999 நவம்பர் இறுதியில் இங்கே ஐகிரேவ்டிவி என்றொரு தளம் கிளம்பியது. டொராண்டோவில் ஆண்டெனாவுக்கு எட்டும் கனடிய, அமெரிக்க நிலையங்கள் 17ஐ எடுத்து, சுற்றிலும் விளம்பரம் வைத்து, இணையத்தில் இலவசமாக ஓட்டியது. கனடியச் சட்டம் கேபிள் நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்த மறுஒளிபரப்புச் சலுகை எங்களுக்கும் பொருந்தும் என்பது அவர்கள் கட்சி. நுழைபவர் கனடாக்காரர்தானா என்று சோதிக்க அவர்கள் வைத்திருந்த காவல் என்ன தெரியுமா? தொலைபேசியின் மூன்று இலக்கப் பகுதி எண்ணைத் தட்டச் சொல்வது. உலகில் யாரும் தட்டலாம், தட்டினார்கள். 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் கூட்டாட்சி நீதிமன்றம் தடை போட்டது, தளம் மூடப்பட்டது. 2002இல் கனடா தன் சட்டத்தையே திருத்தி, இணையம் வழியாக மறுஒளிபரப்புச் செய்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று எழுதிவைத்தது. இன்று உங்கள் சம்பந்தி அம்மாள் பார்க்கும் அந்த 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்ற வரி, அந்த மூன்று இலக்கப் பூட்டு வளர்ந்து வந்த வடிவம்தான்.

மளிகைக் கடைப் பெட்டியைப் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். என் வீட்டிலும் ஒன்று வாங்கினோம். நான்கு மாதம் ஓடியது. ஒரு தீபாவளிக் காலையில் எல்லா சேனலும் கறுத்துப்போனது. கடைக்காரர் பெட்டிக்குத்தான் உத்தரவாதம், படத்துக்கு இல்லை என்றார். சம்பந்தி அம்மாளுக்கு இப்போதைக்கு ஒரு வழி: தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற செயலியைத் தொடங்கியது, அதை நிறுவிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய ஒன்பது மணித் தொடருக்கு அது ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குடந்தை ஓய்வூதியர் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அண்டைக் குடும்பங்களுக்கு முடியாது என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஒரு குடும்பத்துக்கு வருத்தம்தான். நடுவாள் என்ற சொல்லை விளக்கியபின் மாப்பிள்ளையும் வற்புறுத்தவில்லை. பொறுமையற்ற வாசகரின் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. விருந்தாளிக்கு ஒரு விதி இருந்தால் இந்த ஒயர் வேலையே வேண்டியிருந்திருக்காது.

வழக்கறிஞர் சொன்ன ஒப்பந்தத்தையும் தேடி எடுத்தேன். 2014இல் என் தாயார் பெயரில் போட்ட படிவத்தில் 'மாடி அறை' என்றே எழுதியிருக்கிறது. சம்பந்தி அம்மாள் அடுத்த மாதம் திரும்பியதும் அந்த இணைப்பை ஒப்படைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

நேற்று ஒரு விஷயம் நடந்தது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தி அம்மாள் போன் செய்து, திரையில் ஒரு நம்பர் வந்து போனதாகவும், பரிசுப் போட்டி ஏதாவதாக இருந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்றும் கேட்டார். நல்லவேளை, முதல் ஆறு எண்களைக் குறித்து வைத்திருந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டிலும் அதே ஆறு எண்கள்தான்.